கடைசியாக எதை விட்டீர்கள்?

முதியவர் ஒருவர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், "சொல்லுங்கய்யா, எப்படி இருக்கீங்க?" என்று அவரைப் பார்த்துத்தான் கேட்பேன். பதில் பெரும்பாலும் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். "அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்." அப்பா அந்த நேரத்தில் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதியவர்களின் தனிமையை எனக்குப் புரியவைத்தவர் அப்படி வந்தவர்களில் ஒருவர். அவருக்கு 78 வயது. வீட்டில் ஐந்து பேர். ஆறு மாதமாக யாரோடும் பேசுவதில்லை, சாப்பிட்டதும் அறைக்குள் போய்விடுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை, மறதி நோய் ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றார் மகன். நான் முதலில் காதுக்குள் பார்த்தேன். இரண்டு பக்கமும் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. சொட்டு மருந்து விட்டு இளக வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்தோம். பாதி கேட்டது. மீதி வயதால் வந்த குறைவு. அதற்குச் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினேன். நினைவாற்றல் கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது பெரிய குறை எதுவும் இல்லை. முதல் முறை பல கேள்விகள் அவர் காதில் விழவே இல்லை, அவ்வளவுதான்.

அன்று அவர் சொன்னது இது: "எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன் டாக்டர். எதுக்குன்னு தெரியாது. ஒரு நாள் பேத்தி, 'தாத்தா, நீங்க ஏன் சிரிக்கிறீங்க?'ன்னு கேட்டா. அதோட விட்டுட்டேன்."

அதன் பிறகு, "தனிமையாக உணர்கிறீர்களா?" என்று யாரையும் நேரடியாகக் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். துணை இல்லையே என்று தோன்றுகிறதா, ஒதுக்கிவிட்டதாகத் தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டதாகத் தோன்றுகிறதா என்று மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆய்வுகளுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் மகனையும் மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், "எனக்கென்ன குறை, ராஜா மாதிரி வெச்சிருக்காங்க" என்றுதான் பதில் வரும். அதனால் என் கேள்வியை மாற்றிவிட்டேன். "போன வருஷம் செஞ்சுக்கிட்டிருந்ததுல எதை இப்ப விட்டுட்டீங்க?" இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. பல சமயம் அது சரிசெய்யக்கூடிய காரணம்.

தமிழில் தனிமை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நிலைகளை அடைத்துவிடுகிறோம். பழக ஆளே இல்லாமல் துண்டிக்கப்பட்டுக் கிடப்பது ஒன்று. ஆட்கள் இருந்தும் மனசுக்கு யாருமில்லை என்று தோன்றுவது இன்னொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுகிறார், முதியவர்களில் மூன்றில் ஒருவர் வரை சமூகத் தொடர்பு அறுந்து இருக்கக்கூடும் என்கிறது அது. ஆண்டுக்கு சுமார் 8.71 லட்சம் மரணங்களோடு தனிமையைத் தொடர்புபடுத்துகிறது. தனியாக வாழ்ந்து நிறைவாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை இழுத்துக்கொண்டுபோய்க் கூட்டத்தில் உட்கார வைப்பது உதவி இல்லை, தொந்தரவு.

காதுக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் வீடுகளில் நிறையத் தப்பு நடக்கிறது. வயதாகும்போது முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள். ஸ, ச, த போன்ற எழுத்துகள் தேய்ந்து, குரல் மட்டும் கேட்கும். "கேக்குது, ஆனா புரியல" என்று அவர்கள் சொல்வது சரியான விவரிப்பு. அதற்கு நாம் செய்வது என்ன? கத்துகிறோம். கத்தினால் சொல் தெளிவதில்லை, கோபம் மட்டும் போய்ச் சேர்கிறது. டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும். காது கருவி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் நாளே பிடிக்காது. பாத்திரச் சத்தம், காகிதச் சத்தம் எல்லாம் இடியாகக் கேட்கும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரம் போட்டுவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போன கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த, மறதி நோய் பற்றிய ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் குறைபாடு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைபாடு, சமூகத் தொடர்பு இன்மை மூன்றும் இருக்கின்றன. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருபவை.

அப்புறம், யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம். மூட்டுவலி என்று சொல்லி வெளியே போவதையே நிறுத்தியிருந்த ஓர் அம்மா. முட்டியைப் பரிசோதித்தால் அவ்வளவு மோசமில்லை. கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்ட பிறகுதான் சொன்னார்: போகிற இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கும் என்ற பயம். தும்மினால்கூடச் சிறுநீர் கசிகிறது. ரத்த அழுத்தத்துக்காகக் காலையில் போடும், சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் நீர் மாத்திரை வேறு. மாத்திரை நேரத்தை மாற்றினோம் (நீங்களாக மாற்ற வேண்டாம், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்). சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். அது பலன் தர மூன்று மாதமாவது ஆகும். "வயசானா இப்படித்தானேன்னு நெனச்சேன்" என்றார். இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறதோ!

பொருந்தாத பல்செட், ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட கண்புரை, ஒருமுறை விழுந்தபின் வந்த பயம் எல்லாம் இதே ரகம். விழுந்த பயத்தில் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை கரையும், கரைந்தால் மறுபடி விழுவார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பலமும் சமநிலையும் கூட்டும் பயிற்சிகள் இதை மாற்றும்.

உடம்பில் சரிசெய்ய வேண்டியதை எல்லாம் செய்த பிறகும் மனசு திறக்காதவர்கள் உண்டு. நீண்ட நாள் தனிமையில் இருந்த மனம் எல்லாவற்றிலும் புறக்கணிப்பைத் தேடும். உளவியலாளர் ஜான் கசியோப்போ இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். நீங்கள் ஃபோன் செய்ததும், "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்பார்கள். உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், அடுத்த ஃபோன் இன்னும் தள்ளிப்போகும். அந்தக் கேள்வியைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாமல், தனிமையின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பாருங்கள். பதில் சொல்லும் தொனியே மாறிவிடும்.

ஃபோன் என்றதும் ஒன்று. "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வெக்கிறேன்" என்பது உரையாடல் இல்லை, வருகைப்பதிவு. அமெரிக்காவின் டெக்சஸில் ஓர் ஆய்வு நடந்தது, 2021-இல் வெளியானது. வீட்டுக்கே உணவு கொண்டுவரும் சேவையைப் பெற்றுவந்த 240 பேரில் ஒரு பாதிப் பேருக்கு நான்கு வாரம் தொடர்ந்து ஃபோன் செய்தார்கள். பேசியவர்கள் மனநல நிபுணர்கள் இல்லை, சிறிது பயிற்சி பெற்ற இளைஞர்கள். எதைப் பற்றிப் பேசுவது என்பதை மறுமுனையில் இருந்தவர்களே முடிவு செய்தார்கள். ஃபோன் வந்தவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. அழைப்புகள் நீளமானவையும் இல்லை. என் அனுபவத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட, தினமும் ஒரே நேரத்தில் வரும் ஐந்து நிமிடம் நன்றாக வேலை செய்கிறது. காத்திருக்க ஒரு நேரம் கிடைக்கிறது. முடிந்தால் ஏதாவது கேளுங்கள், அதுவும் நிஜமாகவே உங்களுக்குத் தெரியாத ஒன்றை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்கு நான் எழுதிக்கொடுத்த எதுவும் பலிக்கவில்லை. பேரன் வீடியோ காலில் வீட்டுப்பாடச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தான், மாலை ஆறு மணிக்கு மனிதர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, எடை குறைகிறது என்றால் அது வெறும் தனிமை இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொன்னால், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காமல், உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.

அந்த 78 வயதுக்காரர் மூன்றாம் முறை வந்தபோது, மகன் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் தானே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். காதில் கருவி. "சொல்லுங்கய்யா, எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"மொதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க டாக்டர். என்னமா சத்தம் போடுது!"