ஆர்க்கைவ் என்பது ஆவணப்படுத்துவது அல்ல

மின்னஞ்சலை 'ஆர்க்கைவ்' செய்வதை 'ஆவணப்படுத்துவது' என்கிறார்கள். சென்ற வாரமும் அதே சொல் காதில் விழுந்தது. எங்கள் கோவில் சங்கத்தின் பழைய மின்னஞ்சல்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது செயலாளர், "2019 வரைக்கும் எல்லாவற்றையும் ஆவணப்படுத்திவிட்டேன், ஐயா" என்றார். அவர் செய்தது, தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கடிதங்களைத் தேர்ந்து, ஆர்க்கைவ் செய்யும் 'ஏ' விசையை அழுத்தியது. கடிதங்கள் இன்பாக்ஸை விட்டு ஆண்டுவாரிக் கோப்புறைகளுக்குப் போயின. அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் ஆர்க்கோன் என்றால் ஆட்சியாளர். அவருடைய மாளிகை ஆர்க்கெய்யோன். அரசுப் பத்திரங்கள் அங்கே இருந்தன. லத்தீன் வழியாகப் பிரெஞ்சில் அது 'அர்ஷீவ்' ஆனது. ஆக, வேரிலேயே இது ஓர் இடத்தின் பெயர்.

ஆவணப்படுத்துவது வேறு வேலை. பதிவே இல்லாத ஒன்றுக்குப் பதிவை உண்டாக்குவது அது. பாட்டி பாடும் தாலாட்டை ஒலிப்பதிவு செய்து எழுதி வைத்தால் ஆவணப்படுத்தினோம் எனலாம். வந்து சேர்ந்த கடிதமோ ஏற்கெனவே ஆவணம். அதை இன்னொரு முறை எப்படி ஆவணமாக்குவது?

மொரீஷியஸ்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் சொல்லித் தரவேண்டியதே இல்லை. போர்ட் லூயிஸில் இன்று ஆப்ரவாசி காட் என்று நாம் அழைக்கும் இடத்தில், கப்பலிலிருந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் பெயர், வயது, ஊர், எண் என்று எழுதிக்கொண்டே போன குமாஸ்தா ஆவணப்படுத்தினார். அந்தப் பேரேடுகளை மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் வைத்திருப்பவர்கள் காக்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அந்த ஏடுகள் இடம்பெற்றன. என் கொள்ளுத்தாத்தாவின் பதிவை அங்கேதான் பார்த்தேன். காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர், பக்கத்தில் எண், மங்கிய மை. எழுதியவர் வேலை ஒரு நாளில் முடிந்தது. காப்பவர் வேலை நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போடுவது அநியாயம்.

'காப்பு எடுப்பது' என்று சிலர் சொல்கிறார்கள். இது இன்னும் ஆபத்து. காப்பு எடுப்பது என்றால் பேக்கப், அதாவது இன்னொரு நகல். ஆர்க்கைவ் நகல் எடுப்பதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. அவுட்லுக்கின் தானியங்கி ஆர்க்கைவ் பழைய கடிதங்களைக் கணினியிலுள்ள ஒரு பி.எஸ்.டி. கோப்புக்குக் கொண்டுபோகும். தண்டர்பேர்டில் ஆர்க்கைவை உள்ளூர்க் கோப்புறைகளுக்குத் திருப்பிவிட்டிருந்தால், கடிதம் சர்வரிலிருந்து நீங்கி அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறுப்பினர் ஒருவர் 'காப்பு எடுத்தாச்சு' என்று நம்பியே இருந்தார். ஹார்ட் டிஸ்க் போனது. காவடி ஊர்வலத்துக்காக மூன்று ஆண்டுகள் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அதோடு போயின. தவறான சொல் செய்த சேதம் இது.

சரியான சொல் நம்மிடமே இருக்கிறது: காப்பகம். வினை வேண்டுமானால் 'காப்பகத்துக்கு மாற்று'. குழந்தைகள் காப்பகம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும், சுவடிக் காப்பகமும் உண்டல்லவா? அதைவிடப் பழைய சான்று பெரியபுராணத்தில் இருக்கிறது. சிவன் முதியவராக வந்து, 'நீ என் அடிமை' என்று ஓலை காட்டிச் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வழக்கில், அந்த ஓலையிலிருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை ஒத்துப் பார்க்கத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் 'அரண்தரு காப்பில்' இருந்து வேறோர் ஓலையை வரவழைக்கிறார்கள். பொருள் ஓலை, அது இருக்கும் இடம் காப்பு. 12-ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார். 'காப்பகப்படுத்து' மட்டும் வேண்டாம். எந்தப் பெயர்ச்சொல் கிடைத்தாலும் அதன் முதுகில் 'படுத்து' ஏற்றுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறங்கியபோது நாம் சும்மா இருக்கவில்லை. அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். வரியின் இடத்துக்கு அத்தனை துடித்த நாம், திரையில் தினமும் பார்க்கும் சொல்லின் பொருளுக்கும் கொஞ்சம் துடிக்கலாம்.

செயலாளரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, அந்தக் கோப்புறை சங்கத்தின் கணக்குக்குக் கீழே இருக்கிறதா, உள்ளூர்க் கோப்புறைகளுக்குக் கீழே இருக்கிறதா?" திறந்து பார்த்தார். உள்ளூரில்தான் இருந்தது. அன்று மாலையே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்து நகல் எடுத்தோம்.