பின்னணிக் கூறு: 'சூழல் காரணி' ஏன் பொருந்தவில்லை

"புதிதாக வாங்கிய பால் பெட்டியை உங்களால் திறக்க முடிகிறதா?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்பக்க அஞ்சடியில் உட்கார்ந்து பெரியம்மாவுக்கு இதை வாசித்தேன். மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்துக்காக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மருத்துவரைப் பார்க்கும் முன் நிரப்ப வேண்டிய படிவம். பெரியம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். கேள்வியைக் கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாலை வாளியிலதானே ஊத்துவாங்க, பொட்டியில எவன்டா வைக்கிறான்?" பால் என்றால் அவருக்கு முதலில் மரத்துப் பால்தான். தேத்தண்ணியில் ஊற்றுகிற பால் டின்னில் வரும், அதையும் மருமகள்தான் திறப்பாள். கடைசியில், "கஷ்டம் ஒண்ணுமில்லேன்னு போட்டுடு" என்றார். அந்தக் கட்டத்தில் குறி போட்டேன். மதிப்பெண் சுழியம். இதைச் சொல்லும்போது அவருடைய வலது கை மடியில் கிடந்தது. நான்கு விரலும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து, கணு முட்டுகள் வீங்கியிருந்தன.

அந்தச் சுழியம் எப்படி வந்தது என்பதற்கு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'கான்டெக்ஸ்சுவல் ஃபேக்டர்'. மலாயில் அதை 'ஃபக்தோர் கொந்தெக்ஸ்துவல்' என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் 'சூழல் காரணி', 'சூழ்நிலைக் காரணி' என்று எழுதுகிறோம். எனக்கு இதில் இரண்டு பாதியுமே உறுத்துகின்றன.

முதலில் பொருள். வாதநோய் ஆய்வுகளில் எதை அளப்பது, எப்படி அளப்பது என்று ஒழுங்குபடுத்த 1992-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கூடிய கூட்டத்திலிருந்து வளர்ந்த அமைப்பு ஒமெராக்ட். அது தரும் வரையறையைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இப்படி வரும்: ஆய்வு அளக்க வந்த பலன் இது ஆகாது, ஆனாலும் இதைக் கண்டுகொள்ளாவிட்டால் ஆய்வின் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. வயது, படிப்பு, புகைப் பழக்கம், கூடவே இருக்கும் வேறு நோய், வீட்டில் பேசும் மொழி எல்லாம் இதில் அடங்கும்.

'கான்டெக்ஸ்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'கோன்' என்றால் சேர்த்து, 'தெக்ஸெரே' என்றால் நெய்தல். பாவும் ஊடுமாகச் சேர்த்து நெய்தது என்பது மூலப்பொருள். துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்', பனுவலைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' இரண்டும் இதே வேரில் வந்தவை. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இழைக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து 'நூல்' என்று ஒரே பெயர் வைத்தவர்கள் நாம்.

சரி, 'சூழல்' என்றால் என்ன கெட்டுப்போயிற்று? சூழ் என்றால் சுற்றிலும் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட செயல்திறன் வகைப்பாட்டில் இந்தக் 'கான்டெக்ஸ்சுவல்' கூறுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஆளைச் சுற்றியிருப்பது: வீடு, வேலை, உறவு, சட்டம். இன்னொன்று ஆளுக்குள்ளேயே இருப்பது: வயது, பாலினம், வளர்ப்பு, பழக்கம். முழுவதற்கும் 'சூழல்' என்று பெயர் வைத்துவிட்டால் முதல் பாதிக்கு என்ன பெயர் வைப்பது? பெரியம்மாவின் எழுபத்திரண்டு வயது அவரைச் சூழ்ந்து நிற்கவில்லை, அவரோடுதான் இருக்கிறது.

'காரணி' இன்னும் மோசம். 'ஃபேக்டர்' என்ற லத்தீன் சொல்லுக்குச் செய்பவன் என்று பொருள். கும்பெனிக்காரர்கள் காலத்தில் அவர்களுடைய வணிக முகவருக்கும் அதுதான் பெயர். பிறகு கணக்கிலும் அறிவியலிலும் அது வெறும் 'கூறு' என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. தமிழில் காரணி என்று கேட்டதுமே காதில் விழுவது காரணம். இந்தக் குழப்பம் வாதநோய்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான். 'ருமட்டாய்டு ஃபேக்டர்' என்ற ரத்தப் பரிசோதனையை 'முடக்குவாதக் காரணி' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நோயை உண்டாக்கும் பொருளா என்றால் இல்லை. அது ஓர் எதிர்ப்புப் புரதம். நோய் இல்லாதவர்களுக்கும் இருக்கலாம், முடக்குவாதம் உள்ள சிலருக்கு இல்லாமலும் போகலாம். 'காரணி இல்லை' என்று எழுதியிருந்தால், நோயே இல்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகத்தான் தோன்றும்.

ஆகவே நான் எழுதுவது 'பின்னணிக் கூறு'. பின்னே நிற்கும் அணி பின்னணி. பின்னணி இசை, பின்னணிப் பாடகி என்று வானொலியிலேயே புழங்கும் சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். ஒருவருடைய பின்னணி என்றால் அவர் வயதும் வரும், அவர் வாழ்ந்த தோட்டத்து லயத்து வரிசை வீடும் வரும். 'கூறு' யார் மேலும் பழி போடாது.

ஒமெராக்ட் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. பலனை மாற்றுபவை முதல் வகை. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து, மேலே சொன்ன ரத்தக் கூறு உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களை விட நன்றாக வேலை செய்கிறது. மருந்து ஒன்றுதான், ஆளைப் பொறுத்து அதன் பலன் மாறுகிறது. குலுக்கிப் போட்டு ஆட்களை இரு குழுவாகப் பிரித்தால் பின்னணி இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடுமே, அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். குழு ஒப்பீட்டுக்கு அது போதும். யாருக்கு இந்த மருந்து கேட்கும் என்ற கேள்விக்குக் குலுக்கல் மட்டும் பதில் தராது. எந்த மருந்து கொடுத்தாலும் முடிவைச் சாய்ப்பவை இரண்டாம் வகை. வயதும் புகையும் பெரும்பாலும் அங்கே வரும்.

மூன்றாவது வகைதான் பெரியம்மாவின் பால் பெட்டி: அளவையே திரிப்பவை. அந்தப் படிவத்தின் மூல வடிவம் 1980-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். இறைச்சியை வெட்ட முடிகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. தட்டில் கத்தி வைத்துச் சாப்பிடுகிற ஊருக்கு அது சரி. சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறதா என்று பெரியம்மாவைக் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார். இந்தியாவுக்காகத் திருத்திய படிவத்தில் சம்மணம் போட்டு உட்காருவதைச் சேர்த்தார்கள். அந்தத் திருத்தம் இங்கேயும் பொருந்தும்.

நேரம் கேட்கிற கேள்வியும் அப்படித்தான். காலையில் விரல் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்றேன். "பெரட்டுக்குப் போயிட்டு மரத்துக்கிட்ட நிக்கிற வரைக்கும் இருக்கும்டா" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. தோட்டம் செம்பனைக்கு மாறி, அவர் வேலையை விட்டே வருஷக்கணக்காகிறது. படிவத்தில் நிமிஷம் எழுத ஒரு சின்னக் கட்டம் மட்டும் இருந்தது.

"உற்றான் அளவும் பிணியளவும் காலமும், கற்றான் கருதிச் செயல்" என்ற 949-ஆம் குறளில் நோயைவிட நோயாளி முந்தி நிற்கிறார். 'உற்றான் அளவு' என்பதையே கலைச்சொல்லாக எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அழகுதான். ஆனால் மருத்துவர் கேட்கும் மொழி இதற்குள் அடங்காதே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை அதே படிவம் வந்தபோது பால் பெட்டியைத் தாண்டி, "மைலோ டின் மூடியைக் கரண்டியால நெம்பித் திறக்க முடியுதா?" என்று வாசித்தேன். "எங்கடா முடியுது, பேரனைத்தான் கூப்பிடணும்" என்றார். இரண்டு மதிப்பெண் போட்டேன். மருத்துவர் இதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைத்திருக்கலாம். நடுவில் மாறியது நான் வாசித்த கேள்வி மட்டும்தான். அளவைத் திரிக்கும் பின்னணிக் கூறுகளில், படிவத்தை வாசித்துக் காட்டுகிற என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.