நம்பிக்கையின்மை – சொல் விளக்கம்

உளவியலில் 'ஹோப்லெஸ்னஸ்' எனப்படும் நிலையை அவநம்பிக்கை, விரக்தி என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டும் பொருந்தாது. அவநம்பிக்கை என்பது பிறர்மேல் எழும் சந்தேகம். விரக்தி வடசொல், பற்று நீங்குதல் என்பது அதன் மூலப்பொருள். இனி எதுவும் சரியாகாது என்று மனம் முடிவுகட்டிவிடுவதற்கு நம்பிக்கையின்மைதான் ஏற்ற சொல்.

நம்பு என்ற வினைக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். அந்த வழியில் பார்த்தால், நாளையைப் பற்றிய விருப்பமே வற்றிப்போன நிலை இது. ஆனால் இன்றைய வாசகருக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம் நினைவுக்கு வந்துவிடும். அதனால் முதல்முறை 'எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மை' என்று விரித்து எழுதிவிடலாம்.

'டிப்ரஷன்' என்பதற்கு மனச்சோர்வு. அதன் லத்தீன் வேருக்குக் 'கீழே அழுத்துதல்' என்று பொருள் என்பதால் மன அழுத்தம் என்பாரும் உண்டு. அப்புறம் 'ஸ்ட்ரெஸ்' வரும்போது, அதற்கும் அதே சொல் என்பதால், குழப்பம்தான்.

நம்பிக்கையின்மையையும் மனச்சோர்வையும் பிரித்துப் பார்ப்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், 20 கூற்றுகளுக்குச் சரி, தவறு என்று பதில் சொல்லும் நம்பிக்கையின்மை அளவுகோலை 1974இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, தற்கொலைக்கு முயன்றவர்களை ஆராய்ந்த அவரது குழு, மனச்சோர்வையும் தற்கொலை நோக்கத்தையும் இணைக்கும் கண்ணி நம்பிக்கையின்மையே என்று கண்டது. சோகம் எவ்வளவு ஆழம் என்பதைவிட, எதிர்காலம் அடைபட்டுத் தெரிகிறதா என்பதே முக்கியமாக இருந்தது. 1985இல் வெளியான தொடர் ஆய்வில், தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்து, பின்னாளில் தற்கொலையால் இறந்தவர்களில் அளவுகோல் மதிப்பெண் இருந்தவர்கள் 11 பேர். அவர்களில் 10 பேரின் மதிப்பெண் 20க்கு 10 அல்லது அதற்கு மேல். அதே மதிப்பெண் பெற்றும் உயிரோடு இருந்தவர்கள் அவர்களைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; இது யாருக்கும் தலைவிதி அல்ல.

வீட்டில் யாரும் 'எனக்கு நம்பிக்கையின்மை' என்று சொல்லப்போவதில்லை. 'இனி என்ன இருக்கு', 'நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி' என்பார்கள். புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை, மனம் கட்டிய அந்த முடிவையே கேள்விக்கு உட்படுத்துகிறது. பலருக்குப் பலனும் தருகிறது. இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.