‘கொஞ்சம் தெரியும்’ என்று நினைத்து ‘ஒன்றும் தெரியாது’ என்று எழுதுகிறீர்கள்

இந்த வாரமும் அதே வரி. “ஐ ஹாவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டேலி.” பி.காம். முடித்து, மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் ஆறு மாதம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஜிஎஸ்டி பில் போட்டுப் பழகிய பிள்ளை வேலைக்கு எழுதிய விண்ணப்பம். மனதில் இருந்தது ‘டேலியில் கொஞ்சம் அனுபவம் உண்டு’. தாளில் விழுந்தது ‘டேலியில் அனுபவம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை’. ‘லிட்டில்’ என்பதற்கு முன்னால் ஓர் ‘எ’ (a) விட்டுப்போனதால் வந்த வினை. விண்ணப்பத்தைப் படிக்கிறவர் கூப்பிட்டு, “தம்பி, நீ சொல்ல வந்தது என்ன?” என்று கேட்க மாட்டார். அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்.

ஸ்பெல்லிங் தப்பினால் சிவப்புக் கோடு விழும். இதற்கு அப்படி எதுவும் விழாது. வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கும். பொருள் மட்டும் தலைகீழாக நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பேட்ச்சிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.

லிட்டிலின் ஜோடியான ‘ஃபியூ’விலும் இதே சறுக்கல்தான். இதற்கு வேர் ஒரு தவறான பாடம். ‘ஃபியூ என்றால் இரண்டு மூன்று, எ ஃபியூ என்றால் நாலைந்து, செவரல் என்றால் ஆறேழு’ என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டும் வருகிறார்கள். தயவுசெய்து அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். ஃபியூவுக்கும் எ ஃபியூவுக்கும் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. அதே மூன்றைப் பார்த்து ஒருவர் ஃபியூ என்பார், இன்னொருவர் எ ஃபியூ என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நின்று பார்த்தால் இது விளங்கும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்திருக்கிறது. கடைக்காரர் கூடையில் மூன்று கிலோ பூ. பூக்கட்டுகிற அக்கா வந்து கேட்டால், “கொஞ்சம் இருக்குக்கா, எடுத்துக்கங்க” என்பார். கல்யாண மண்டபத்துக்காரர் போன் போட்டால், “கொஞ்சம்தாண்ணே இருக்கு, நம்பி ஆர்டர் பிடிச்சிராதீங்க” என்பார். கூடை அதே கூடை, எடை அதே எடை. மாறியது ஒரு ‘தான்’. அது வந்ததும் பேச்சு ‘இருக்கிறது’ என்ற பக்கத்திலிருந்து ‘இல்லை’ என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது.

தமிழில் ‘தான்’ போட்டுச் செய்கிற இந்த வேலையை ஆங்கிலம் ‘எ’வை எடுத்துவிட்டுச் செய்கிறது. ‘எ லிட்டில் ஜாஸ்மின்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது. ‘லிட்டில் ஜாஸ்மின்’ என்றால் கொஞ்சம்தான், இல்லாத கணக்கு. எண்ணக்கூடிய பொருளானால் எ ஃபியூ, ஃபியூ. எண்ண முடியாததானால் எ லிட்டில், லிட்டில். ஆக, எழுதும்போது மனதுக்குள் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். ‘தான்’ வருகிறதா? அப்படியானால் எ வேண்டாம். ‘தான்’ வரவில்லையா? எ போட்டே ஆக வேண்டும்.

இங்கே நல்ல பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘எ’ ஒருமைக்கு வருவதாயிற்றே, ஃபிரண்ட்ஸ் பன்மை, பிறகு எப்படி ‘எ ஃபியூ ஃபிரண்ட்ஸ்’? நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் ‘எ’வைத் தாங்களே அடித்துவிடுகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. அந்த ‘எ’ ஃபிரண்ட்ஸோடு ஒட்டிய சொல் கிடையாது. ‘எ ஃபியூ’ என்பதே ஒரு கட்டு. ‘எ ஹண்ட்ரட் ருபீஸ்’ என்று தயங்காமல் சொல்கிறோமே, ருபீஸ் பன்மைதானே? ‘எ லாட் ஆஃப் பீப்பிள்’ என்கிறோமே? அதே கதைதான்.

இந்தக் கட்டோடு வேறு சொற்கள் சேரும்போது கவனம் வேண்டும். ‘ஒன்லி’ சேர்ந்தால் எ கட்டாயம்: ‘ஒன்லி எ ஃபியூ சீட்ஸ்’. ‘ஒன்லி ஃபியூ’ என்று எழுதுவது தவறு. ‘வெரி’ சேர்ந்தால் பெரும்பாலும் எ இல்லாமல் ‘வெரி ஃபியூ’. ‘கொய்ட் எ ஃபியூ’ என்றால் பலர் ‘ரொம்பவே குறைவு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள் கணிசமாக, நிறையவே என்பது. ‘தி ஃபியூ’ என்றால் இருந்த அந்தச் சிலவும் என்று பொருள்: ‘தி ஃபியூ பஸ்ஸஸ் தட் ரன் அட் நைட்’, ராத்திரியில் ஓடுகிற அந்த நாலு பஸ்ஸும்.

விட்டுப்போன எ மட்டும் கெடுப்பதில்லை. சேர்த்த எவும் கெடுக்கும். அப்பளம் ஏற்றுமதி செய்கிறவர் வெளிநாட்டு வியாபாரிக்குத் தன் சரக்கின் தரத்தைச் சொல்ல நினைத்து, ‘வீ ஹாவ் ரிசீவ்ட் எ ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்’ என்று எழுதினால் என்ன ஆகும்? புகார் வந்திருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவர் எழுத வேண்டியது ‘வெரி ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்’. வியாபாரக் கடிதத்தில் இந்த ஓரெழுத்துக்குக் காசு மதிப்பு உண்டு.

அடுத்தது மச்சும் மெனியும். இதில் தமிழன் பாக்கியசாலி. எத்தனை, எவ்வளவு என்று இரண்டு சொற்கள் நம்மிடம் பிறவியிலேயே இருக்கின்றன. எத்தனை என்று கேட்டால் மெனி, எவ்வளவு என்று கேட்டால் மச். இலையைப் பாருங்கள்: இட்லி எத்தனை, சாம்பார் எவ்வளவு. ‘ஹவ் மெனி இட்லிஸ், ஹவ் மச் சாம்பார்.’ பத்தில் எட்டு இடத்தில் இது கைகொடுக்கும்.

மீதி இடத்தில் காலை வாரும், ஏனென்றால் தமிழில் எண்ணுகிற சிலவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. இரண்டு தகவல், மூன்று யோசனை, நாலு சாமான் என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஈக்விப்மென்ட், ஹோம்வொர்க், ஜுவல்லரி, மெஷினரி எதற்கும் பன்மை ‘ஸ்’ கிடையாது. மெனியும் கிடையாது, எ ஃபியூவும் கிடையாது. ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எ ஃபியூ அட்வைசஸ்’, ‘த்ரீ லக்கேஜஸ்’ மூன்றும் தவறு. எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘த்ரீ பேக்ஸ்’. நியூஸ் என்பதில் ஸ் இருப்பதைப் பார்த்து ‘மெனி நியூஸ்’ என்று எழுதுகிறார்கள். அதுவும் எண்ண முடியாத சொல், ‘தி நியூஸ் இஸ் குட்’ என்று ஒருமையில்தான் வரும். தலைமுடி கொட்டுகிறது என்று டாக்டரிடம் சொல்லும்போது ‘ஹேர்’ போதும். ‘ஹேர்ஸ்’ என்றால் ஒவ்வோர் இழையாக எண்ணிச் சொல்கிறீர்கள் என்று பொருள்.

‘ஸ்டாஃப்ஸ்’ பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ், கம்பெனி நோட்டீஸ் போர்டு, ஜவுளிக்கடை விளம்பரம், எங்கும் ‘அவர் ஸ்டாஃப்ஸ்’. ஸ்டாஃப் என்பது ஓர் இடத்தில் வேலை செய்கிற எல்லாரையும் சேர்த்துக் குறிக்கிற சொல். ஒரு கடை ஆட்களைச் சொல்ல ஸ் வேண்டாம். பத்துப் பேரைச் சொல்ல ‘டென் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’. பிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஸ்ஸை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பணத்திலும் நேரத்திலும் குழம்புவார்கள். பணத்தைக் குறிக்கிற ‘மணி’ என்ற ஆங்கிலச் சொல் எண்ண முடியாதது, ருபீஸ் எண்ணக்கூடியது. ‘ஹவ் மச் மணி’, ‘ஹவ் மெனி ருபீஸ்’. டைம் இரண்டு வேடமும் போடும்: ‘ஹவ் மச் டைம்’ எவ்வளவு நேரம், ‘ஹவ் மெனி டைம்ஸ்’ எத்தனை தடவை.

லெஸ், ஃபியூவர் சண்டையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், மற்றதற்கு லெஸ். ‘ஃபியூவர் ஸ்டூடன்ட்ஸ்’, ‘லெஸ் வாட்டர்’. தூரம், பணம், நேரம் மொத்த அளவாக வரும்போது எண் இருந்தாலும் லெஸ்தான்: ‘லெஸ் தென் 500 ருபீஸ்’, ‘லெஸ் தென் 10 கிலோமீட்டர்ஸ்’. அழகர்கோவில் போகிற வழியில் இத்தனை கிலோமீட்டருக்குள் என்று எழுதும்போது யாரும் கிலோமீட்டர்களைத் தனித்தனியாக எண்ணுவதில்லை அல்லவா? இந்த விதி ஆதிகாலத்திலிருந்து வந்ததும் இல்லை; 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்கு இப்படிச் சொல்வது நேர்த்தியாகப் படுகிறது என்று எழுதிவைத்தது, பின்னால் வந்தவர்கள் கையில் விதியாக இறுகிவிட்டது. அதனால் பேச்சில் யாராவது ‘லெஸ் பீப்பிள்’ என்றால் பாய வேண்டாம். பேங்க் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வி வந்தால் மட்டும் ஃபியூவர் என்று குறித்துவிட்டு வாருங்கள்.

இனி, உண்மையிலேயே தகராறு வரை கொண்டுபோய் விடுகிற இடம்: ‘எல்லாம்’ என்பதோடு ‘இல்லை’ சேரும் வாக்கியம். கோயிலைச் சுற்றியிருக்கிற லாட்ஜ்களும் வீட்டில் தங்க இடம் கொடுக்கிறவர்களும் ஆன்லைனில் விவரம் போடுகிறார்கள். ‘ஆல் ரூம்ஸ் ஆர் நாட் ஏசி.’ எழுதியவர் மனதில் ‘எல்லா ரூமும் ஏசி கிடையாது, சிலது மட்டும்தான்’. படிக்கிற வெளியூர்க்காரர் ‘ஒரு ரூமிலும் ஏசி இல்லை’ என்று எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இந்த வாக்கியம் இரண்டு பக்கமும் சாயும். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை குறைவு, ஒன்றுமே இல்லை என்றால் ‘எந்த ரூமிலும்’ என்று வேறு சொல் போட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் ‘நாட்’ என்ற சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘நாட் ஆல் ரூம்ஸ் ஹாவ் ஏசி’. ஒன்றிலுமே இல்லையென்றால் ‘நன் ஆஃப் தி ரூம்ஸ் ஹாவ் ஏசி’. இன்னும் நல்லது, எண்ணையே போடுவது: எட்டு ரூமில் உண்டு, நாலில் இல்லை.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. ‘யாரும் வரவில்லை’ என்பதை அப்படியே நகலெடுத்து ‘எனிபடி டிட் நாட் கம்’ என்கிறார்கள். எனி என்ற சொல் இல்லை என்பதற்கு முன்னால் வந்து நிற்காது. இல்லை முதலில் வந்தாக வேண்டும். ‘நோபடி கேம்’ என்றால் முடிந்தது. ‘ரெண்டு லிஃப்டும் ஓடலை’ என்பதற்கு ‘போத் லிஃப்ட்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்’ என்று தாள் ஒட்டுகிறார்கள். ‘நெய்தர் லிஃப்ட் இஸ் வொர்க்கிங்’ என்று ஒட்டுங்கள். நாலாவது மாடிக்குப் போக வேண்டிய பெரியவர் ஏதோ ஒன்றாவது ஓடும் என்று காத்து நிற்க மாட்டார்.

‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்’ பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று தமிழில் சரியாகப் பன்மை போடுகிறோம். அதே பன்மையை அங்கேயும் போடுங்கள்: ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் இஸ்’. பெயர் பன்மை, வினை ஒருமை. எவ்ரி வந்தால் இரண்டுமே ஒருமை. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று தமிழில் எழுதினாலே தவறு, ஆங்கிலத்தில் ‘எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்’ எப்படிச் சரியாகும்? ‘மோஸ்ட் ஆஃப் பீப்பிள்’ கிடையாது. பொதுவாகச் சொன்னால் ‘மோஸ்ட் பீப்பிள்’, குறிப்பிட்ட கூட்டத்தைச் சொன்னால் ‘மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள்’. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்’, ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்’. முதலாவது பல மாணவர்களைப் பேசுகிறது, இரண்டாவது அந்த எண்ணிக்கையைப் பேசுகிறது. ‘ரொம்ப’ என்று வருகிற இடமெல்லாம் ‘டூ மச்’ போடாதீர்கள். டூ வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று பாராட்ட ‘வெரி’ இருக்கிறது.

வேலைக்கு எழுதுகிற தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். அனுப்புவதற்கு முன்னால் விண்ணப்பத்தில் லிட்டில், ஃபியூ எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ‘தான்’ போட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு டேலியில் கொஞ்சம்தான் அனுபவம்’ என்றா சொல்ல வந்தீர்கள்? இல்லையென்றால் எ சேருங்கள். சேர்த்த பிறகும் ‘எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ கொஞ்சம் ஒடுங்கித்தான் நிற்கும். கையில் எண் இருக்கும்போது அளவுச் சொல் எதற்கு? ‘ஐ ஹாவ் சிக்ஸ் மந்த்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் இன் டேலி’ என்று எழுதுங்கள். அடுத்த வரியில் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்: ஜிஎஸ்டி பில் போட்டது, சரக்கு இருப்பு சரிபார்த்தது, மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கொடுத்தது.