காசு கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்: ஒரு விமான இன்ஸ்ட்ரக்டரின் புலம்பல்

"அண்ணா, சின்ன வயசுலேர்ந்து ஆசை. இப்பதான் கொஞ்சம் காசும் நேரமும் சேர்ந்திருக்கு. எப்ப ஆரம்பிக்கலாம்?"

இப்படி ஒரு தமிழ்க் குரல் அடிக்கடி போனில் வரும். நான் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்கு வடக்கே டியர் வேலி விமான நிலையத்தில். பெரிய ஏர்லைன் விமானங்களைப் பார்க்க முடியாது, ஆனால் சிறு விமானங்களைப் பொறுத்தவரை அமெரிக்காவிலேயே அதிகப் பரபரப்பான நிலையங்களில் இதுவும் ஒன்று, காலையில் பயிற்சி விமானங்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். போனில் கேட்பவருக்கு என் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான உடல்தகுதிப் பரிசோதனை, முடித்துவிட்டு வாருங்கள். அடுத்த சில நொடி மௌனம். ஏதோ ஆசையாகக் கேட்டால் இவன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறானே என்று நினைப்பார்கள் போல.

இங்கே விதி எப்படி இருக்கிறதென்றால், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரை மாணவருக்கு மெடிக்கல் சான்றிதழ் தேவையில்லை. முதல் முறை தனியாகப் பறக்கும் அன்றைக்குத்தான் அது கையில் இருக்க வேண்டும். அதனால் பத்துப் பதினைந்து மணி நேரம் பறந்து, மூவாயிரம் நாலாயிரம் டாலர் கரைந்து, லேண்டிங் ஓரளவு கைக்கு வந்த பிறகுதான் பலர் டாக்டரிடம் போகிறார்கள்.

என்னிடம் ஒருவர் வந்தார். ஐடி வேலை, நாற்பதைத் தொட்ட வயது, நல்ல கை. 14 மணி நேரம் முடித்து, அடுத்த வாரம் சோலோ என்ற நிலையில் மெடிக்கலுக்குப் போனார். கோவிட் சமயத்தில் தூக்கம் இல்லாமல் தவித்தபோது குடும்ப டாக்டர் மனச்சோர்வுக்கான மாத்திரை நாலு மாதம் கொடுத்திருக்கிறார், அவரே மறந்துபோன விஷயம். படிவத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்து எழுதிவிட்டார், எழுதியது சரிதான். ஆனால் பரிசோதித்த டாக்டரால் அங்கேயே சான்றிதழ் தர முடியவில்லை. கோப்பு மேலே போனது, பழைய மருத்துவக் குறிப்புகள், மனநல மருத்துவர் அறிக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், சான்றிதழ் கிடைத்தபோது ஏழு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் கை எல்லாவற்றையும் மறந்திருந்தது. லேண்டிங்கை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தோம், அவர் செலவில்தான்.

எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க அரசின் விமானத் துறை, மெடிக்கலுக்கு நிரப்பச் சொல்லும் மெட்எக்ஸ்பிரஸ் என்ற ஆன்லைன் படிவம் "இப்போது என்ன நோய்" என்று மட்டும் கேட்பதில்லை. "வாழ்நாளில் எப்போதாவது" என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது, அதற்குக் கீழே கடந்த 3 வருடங்களில் நீங்கள் பார்த்த டாக்டர்கள் எல்லோரையும் கேட்கும். இந்தப் பாலைவன வெயிலில் நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது கிட்னிக் கல். கல் வந்திருந்தால் பறக்க முடியாது என்றில்லை, இப்போது உள்ளே எதுவும் மிச்சம் இல்லை என்று காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபமாக முடியலாம். "அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க" என்று நண்பர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெரிந்தே பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை என்று எச்சரிக்கிறார்கள். விசாவில் இருப்பவர் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

உடம்பில் ஏதாவது சந்தேகம் இருந்தால், படிவத்தை வைத்துக்கொண்டு நேராகப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். எஃப்ஏஏ அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் முதலில் வெறும் ஆலோசனைக்கு என்று சொல்லி நேரம் வாங்குங்கள், என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு பரிசோதனைக்குப் போங்கள். ஏனென்றால் பரிசோதனை அதிகாரபூர்வமாகத் தொடங்கிவிட்டால் பாதியில் எழுந்து வர முடியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஓட்டுநர் உரிமத்தையே மெடிக்கலுக்குப் பதிலாகக் காட்டிப் பறக்கக்கூடிய ஸ்போர்ட் பைலட் என்ற லைசென்ஸின் கதவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். விண்ணப்பிக்காமலே இருந்தவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கும், வேடிக்கைதான். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், சொந்த ஆசைக்குப் பறப்பவர்கள் வாங்கும் மூன்றாம் வகுப்பு மெடிக்கல் சான்றிதழ் 40 வயதுக்குள் இருப்பவருக்கு 5 வருடம் செல்லும், தாண்டியவருக்கு 2 வருடம்.

சான்றிதழ் வாங்கியதோடு கதை முடியவில்லை. ஊரிலிருந்து அம்மா வரும்போது ஒரு பை நிறைய மாத்திரை வரும் இல்லையா? அதில் சளிக்கும் தும்மலுக்கும் நாம் மிட்டாய் மாதிரி போடுகிற செட்ரிசின் இருக்கும். அதைப் போட்டால் 48 மணி நேரம் விமானத்தைத் தொடக்கூடாது. பெனட்ரில்லில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் என்றால் 60 மணி நேரம். தூக்கக் கலக்கம் நமக்குத் தெரியாமலே இருக்கும், அதுதான் ஆபத்து. லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் இரண்டும் ஒத்துக்கொண்டால் பரவாயில்லை. "நேத்து ராத்திரி ஒண்ணே ஒண்ணு போட்டேன் அண்ணா" என்று சொன்ன ஒரு பையனைக் காலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொன்னதால் அன்றைக்கு அவரிடம் பணம் வாங்கவில்லை.

குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் சேர்த்துத்தான், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் பாதுகாப்புச் சோதனைக்கு விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். மெடிக்கலோடு சேர்த்தே இதையும் ஆரம்பித்துவிடுங்கள்.

சரி, காசு. லைசென்ஸுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரம் பறப்பது, அதில் 20 இன்ஸ்ட்ரக்டரோடு, 10 தனியாக. இந்த 40ஐ வைத்துப் பட்ஜெட் போட்டு வருபவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். என் மாணவர்களில் 60 மணிக்கு முன்னால் முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். விமான வாடகை, என் சம்பளம், தேர்வாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து 15,000 முதல் 20,000 டாலர் வரை தயாராக இருந்தால் நிம்மதி. ஆனால் அதை ஒரே தவணையில் எந்தப் பள்ளிக்கும் கட்டாதீர்கள். "மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்று ஒரு இடத்தில் பணம் வாங்கினார்கள், ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு. அங்கே ஏமாந்த இருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பறந்ததற்கு மட்டும் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும். இன்னொன்று, வாரத்துக்கு மூன்று நாள் வர முடியாத மாதத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை வருபவர் போன வகுப்பை மறுபடி படிக்கத்தான் காசு கொடுக்கிறார்.

நம் ஆட்களுக்கே உரிய இரண்டு பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று, தலையாட்டுவது. நான் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? விமானம் இப்போது யார் கையில் என்பதை வாய்விட்டு மூன்று தடவை மாற்றிச் சொல்வது சடங்கு இல்லை, இரண்டு பேரும் அடுத்தவர் பிடித்திருக்கிறார் என்று நினைத்துச் சும்மா இருந்த ஒரு சில நொடி எனக்கும் நடந்திருக்கிறது. இன்னொன்று, விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரிலிருந்து வேகமாகப் பேசுவது புரியாமலே "ராஜர்", அதாவது கேட்டுக்கொண்டேன், என்று சொல்லிவிடுவது. பத்து வருடம் ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்தியவருக்கு "சே அகைன்" என்று கேட்கக் கூச்சம். பத்து தடவை கேளுங்கள், டவரில் இருப்பவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, புரியாமல் ஓடுபாதைக்குள் நுழைவதற்கு அது மேல்.

எழுத்துத் தேர்வைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. 60 கேள்வி, 70 சதவீதம் போதும், தேர்வு எழுதி வளர்ந்த கூட்டம் நாம். கடைசியில் வரும் செக்ரைடு என்ற நேரடித் தேர்வு வேறு மாதிரி. தேர்வாளர் முதலில் மேஜையில் உட்கார வைத்து வாய்மொழியாகக் கேட்பார், அப்புறம்தான் விமானம். மனப்பாடம் அங்கே பல்லிளித்துவிடும். "இந்தப் பயணத்துக்கு இன்று கிளம்புவாயா?" என்று அவர் கேட்கும்போது, மாட்டேன் என்று காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.

போன ஜூலையில் லைசென்ஸ் வாங்கி மூன்று வாரமே ஆன ஒருவர் கூப்பிட்டார். செஸ்னா 172, நாலு சீட். மனைவி, மச்சான், மச்சான் மனைவியோடு சனிக்கிழமை மத்தியானம் செடோனா போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா, செலவை நாலாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். செலவு பிரிப்பதில் தப்பில்லை, தன் பங்கை அவர் கட்டினால் போதும், அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் லைசென்ஸுக்கு ஆபத்து. ஆனால் கணக்குப் போடுங்கள் என்றேன். எங்கள் விமானத்தில் டாங்கை நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 250 கிலோ. இந்த நாலு பேரின் எடை மட்டும் 290. அதோடு வெயில், சூட்டில் காற்று மெலிந்துவிடும். டியர் வேலியில் 42 டிகிரி இருந்தால், கடல்மட்டத்திலிருந்து 1,478 அடியில் இருக்கும் எங்கள் ஓடுபாதையில் விமானம் 5,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் மூச்சுவாங்கும். செடோனா மலைமேட்டின் மேல் 4,830 அடியில் இருக்கிறது, அங்கே 35 டிகிரி என்றால் 8,000 அடிக்கு மேல். திரும்பக் கிளம்பும்போது என்ஜினுக்கும் இறக்கைக்கும் கிடைப்பது அந்த மெலிந்த காற்றுதான்.

போனில் கொஞ்ச நேரம் கால்குலேட்டர் சத்தம். "அப்ப மச்சானை விட்டுடலாமா?" என்றார்.

மச்சானை விடவில்லை, இரண்டு ஜோடியும் அதே நாளில் காரில் போனார்கள். அடுத்த வாரம் காலை ஆறு மணிக்கு, தேவைக்கு மட்டும் பெட்ரோல் போட்டு, அவரும் மனைவியும் மட்டும் பறந்து போய்க் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் திரும்பி வந்து இறங்கினார்கள். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு பான்கேக் படம் அனுப்பினார்.