குருத்தெலும்பு ஒட்டு: அடியில சேருது, ஓரத்துலதான் சேர மாட்டேங்குது

முட்டி வலின்னு வர்றவங்க பாதிப் பேர் "ஜவ்வு போயிருச்சு டாக்டர்"னுதான் ஆரம்பிப்பாங்க. லிகமென்ட் கிழிஞ்சாலும் ஜவ்வு, மெனிஸ்கஸ் கிழிஞ்சாலும் ஜவ்வு. நான் இங்க சொல்ல வர்றது அது ரெண்டும் இல்ல, எலும்பு முனைய மூடியிருக்கிற, வெள்ளையா வழவழன்னு இருக்கிற குருத்தெலும்பு. முட்டியில பெரும்பாலும் 2-லேர்ந்து 4 மில்லிமீட்டர் தடிமன்தான். ரத்தக்குழாயும் இல்ல நரம்பும் இல்ல, அதனால அதுக்குன்னு தனியா வலி தெரியாது, அடிபட்டா ஆறவும் ஆறாது. இத வில்லியம் ஹண்டர்ங்கிற டாக்டர் 1743-லயே எழுதி வச்சுட்டார், இன்னும் அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கோம்.

பள்ளம் விழுந்த இடத்துல வேற துண்டு வச்சு அடைச்சுடலாமேன்னு கேப்பாங்க. அடைக்கிறோம்தான். முட்டியிலயே அவ்வளவா பாரம் விழாத ஓரத்துலேர்ந்து, அடி எலும்போட சேர்த்து உருளையா ஒரு துண்டு எடுத்து பள்ளத்துல இறக்குவோம். அடியில எலும்பும் எலும்பும் சேர்ந்துரும், அது பெரிய விஷயமே இல்ல. மேல குருத்தெலும்பும் குருத்தெலும்பும் பக்கவாட்டுல தொடுற இடம் இருக்கே, அங்கதான் தலைவலி.

ஒருத்தருக்கு ஒட்டு வச்சு ஒரு வருஷம் கழிச்சு வேற பிரச்சனைக்காக உள்ள கேமரா விட்டேன். ஒட்டு பளிச்சுன்னு சுத்தி இருக்கிறதோட சமமா உக்காந்திருக்கு, எம்ஆர்ஐ ரிப்போர்ட்லயும் குறை இல்ல. ப்ரோப்னு நுனி வளைஞ்ச ஒரு கொக்கி வச்சிருப்போம், அதால ஓரத்த லேசா தடவுனேன், வட்டம் பூரா மயிரிழை மாதிரி ஒரு கோடு, கொக்கி நுனி அதுக்குள்ள சரக்குனு இறங்கிடுச்சு. டைல்ஸ் பதிச்சுட்டு இடுக்கு அடைக்காம விட்ட மாதிரி.

ஏன் சேரலன்னா, வெட்டும்போதே ஓரத்துல இருக்கிற செல்லெல்லாம் செத்துருது. கூர் இல்லாத கருவின்னா இன்னும் அதிகமா சாகும், அதனால ப்ளேடு விஷயத்துல நான் கொஞ்சம் அடம்தான், ஆபரேஷன் தியேட்டர்ல என்னத் திட்டாத ஆளே இல்ல. போதாததுக்கு குருத்தெலும்புல பெரும்பகுதி தண்ணி, அதப் பிடிச்சு வச்சிருக்கிற ப்ரோட்டியோக்ளைக்கான்னு, புரதமும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் வேற இன்னொண்ண ஒட்ட விடாது.

இப்போ கையில இருக்கிறது ஃபைப்ரின் க்ளூ. ரத்தம் உறையுதே, அதே சரக்குதான், ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும். 1994-ல ஸ்வீடன்காரங்க, பேஷன்ட்டோட குருத்தெலும்பு செல்ல வெளிய வளர்த்து பள்ளத்துல வைக்கிற சிகிச்சைய வெளியிட்டாங்க, அதுலயும் மேல மூடுற படலத்த தைச்சு, ஓரத்துக்கு இதத்தான் பூசுறது பின்னாடி வழக்கமாச்சு. உடம்புக்கு ஒத்துக்கும், ஆனா பிடி கம்மி. "சூப்பர் க்ளூ போட்டா என்ன சார்"னு ஒரு தம்பி சீரியஸாவே கேட்டார். கெட்டியா ஒட்டும்தான், ஆனா இறுகும்போது சூடாகும், செல்லுக்கும் ஆகாது.

புது முறைகள்ல எனக்குப் பிடிச்சது காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் பசை. குருத்தெலும்புல இருக்கிற சர்க்கரையவே கொஞ்சம் மாத்தி, ஒரு பக்கம் திசுவோட புரதத்தயும் இன்னொரு பக்கம் பள்ளத்த நிரப்ப மேல ஊத்துற ஜெல்லயும் பிடிச்சுக்கிற மாதிரி பண்ணது. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டியில ஜெனிஃபர் எலிசெஃப் டீம் 2007-ல வெளியிட்டாங்க, 2013-ல 15 பேருக்கு வச்சுப் பாத்த ரிசல்ட்டும் வந்துச்சு. அப்புறம் ரோஸ் பெங்கால்னு ஒரு சாயத்த வெட்டுன முகத்துல தடவி பச்சை லைட் அடிச்சா ரெண்டு பக்கமும் இருக்கிற கொலாஜன்ங்கிற நார்ப் புரதம் பின்னிக்கும், அளவு மீறினா செல் காலி. என்சைம் போட்டு ஓரத்துல இருக்கிற ப்ரோட்டியோக்ளைக்கான மட்டும் கொஞ்சம் சுரண்டிட்டு, அப்புறம் செல்லே கொலாஜன் கட்டி சேத்துக்கட்டும்னு விடுறதும் லேப்ல நடக்குது.

என்னக் கேட்டா கெட்டியான பசை தேடுறதே பாதி தப்பு. கல்லு மாதிரி இறுகி நின்னா இந்தப் பக்க செல் அந்தப் பக்கம் எப்படிப் போகும்? முதல் சில வாரம் பிடிச்சு நிக்கணும், அப்புறம் கரைஞ்சு வழி விடணும், அப்படி ஒண்ணு இன்னும் என் கைக்கு வரல.

அதுவரைக்கும் ஒட்டு நகராமப் பாத்துக்க வேண்டியது பேஷன்ட்தான். முட்டிய மடக்கி நீட்டலாம், சொல்லப்போனா கண்டிப்பா செய்யணும், ஆனா 6 வாரம் போல பாரம் முழுசா ஏத்தக் கூடாதுன்னு சொல்றது ஓரம் உரசி நகரக் கூடாதுன்னுதான். போன மாசம் ஒருத்தர் மூணாவது வாரமே கைய வீசிக்கிட்டு உள்ள வந்து "சுத்தமா வலியே இல்ல டாக்டர்"னார். அங்க வலிக்கிறதுக்கு நரம்பே இல்லையேன்னு சொல்லி, க்ரட்சஸ் எங்கன்னேன். கார்ல இருக்காம். அவர உக்கார வச்சுட்டு அவங்க வீட்டம்மாவ அனுப்பித்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்.