கொழும்பில் விளக்கு வைத்தாயிற்றா?

சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் பெரியப்பாவிடம் 1950களில் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. மாலை ஏழு மணிக்கே அதைப் போட்டுவிடுவார். உள்ளே இழைகள் சூடேறும் வரை அரை நிமிடம் சத்தமே வராது. பிறகு ஒரு முனகல். முகப்பிலிருக்கும் பச்சைக் கண் (அலையின் வலுவைக் காட்டும் சிறு விளக்கு) விழித்துக்கொள்ளும். முள்ளைச் சிற்றலையில் (ஷார்ட்வேவ்) கொழும்பு வானொலிக்கு நகர்த்துவார். வெறும் இரைச்சல்தான். நாங்கள் முணுமுணுத்தால், "கொழும்பில் இன்னும் விளக்கு வைத்திருக்க மாட்டார்கள், பொறுங்கள்" என்பார். எட்டு மணி தாண்டியதும் இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லத் தமிழ் மேலே வரும்.

வெகுகாலம் அதைப் பெரியப்பாவின் கேலிப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். சுத்தமான இயற்பியல் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

கொழும்பு இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர். அங்கிருந்து நேர்கோட்டில் கிளம்பும் வானொலி அலை, பூமி வளைந்திருப்பதால், நம் தலைக்கு மேல் 500 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கடந்து விண்வெளிக்குள் போய்விட வேண்டும். போகாமல் தடுப்பது அயனி மண்டலம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் காற்றணுக்களிலிருந்து பிய்த்தெடுத்த எலக்ட்ரான்கள் மிதக்கின்றன. சிற்றலை அவற்றை ஆட்டிவைக்கிறது. ஆடும் எலக்ட்ரான் அதே அலையைத் திரும்ப வெளியிடுகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி அலையின் பாதை வளைந்து, கடைசியில் தரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு இப்படி ஒரே தாவல் போதும்.

அப்படியானால் பகலில் ஏன் கேட்கவில்லை? பகலில் அதற்கும் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், இன்னொரு அடுக்கு உருவாகிறது. அங்கே காற்று அடர்த்தி அதிகம். அலை ஆட்டிய எலக்ட்ரான், வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதற்குள் பக்கத்து மூலக்கூறில் மோதி வெப்பமாக்கி வீணடித்துவிடுகிறது. அலையின் அதிர்வெண் குறையக் குறைய, அதாவது அதன் நீளம் கூடக் கூட, இந்த இழப்பும் கூடும். மத்திய அலை பகலில் வானம் வழியே ஏறக்குறைய வராமலே போவதும், 49 மீட்டர் சிற்றலை நொண்டுவதும் இதனால்தான். பொழுது சாய்ந்ததும், அடர்ந்த காற்றில் எலக்ட்ரான்கள் சீக்கிரமே அயனிகளோடு சேர்ந்துவிட, அடுக்கு கரைந்துபோகிறது. மேலே 300 கிலோமீட்டரில் காற்று மிக மெலிது. சேர ஆள் கிடைக்காததால் அந்த எலக்ட்ரான்கள் இரவெல்லாம் தாக்குப்பிடிக்கின்றன.

பெரியப்பாவின் பேச்சில் இருந்த சூட்சுமம் இங்கேதான். வருகிற அலை இந்தக் கீழடுக்கை இரண்டு முறை கடக்க வேண்டும்: ஏறும்போது கொழும்புப் பக்கம், இறங்கும்போது நம் பக்கம். சிங்கப்பூர் கடிகாரம் அன்றைக்கு இலங்கையைவிட இரண்டு மணி நேரம் முன்னே இருந்தது (இப்போதைய இரண்டரை மணி நேர வித்தியாசம் 1982இல்தான் வந்தது). இங்கே ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கொழும்பில் மறையும்போது நமக்கு மணி எட்டு. இடைப்பட்ட நேரத்தில் நம் பக்கத்துக் கதவு திறந்திருக்கும், அந்தப் பக்கத்துக் கதவு மூடியிருக்கும். அங்கே விளக்கு வைத்தால்தான் இங்கே குரல் தெளியும்.

உள்ளூர் நிலையத்துக்கு வானத்தின் தயவு தேவையில்லை. 1936இல் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் இங்கே ஒலிபரப்பைத் தொடங்கிய பிறகு, பக்கத்து வீடுகளுக்கு அலை தரையை ஒட்டியே வந்து சேர்ந்தது. இன்றைய தமிழ் வானொலியான ஒலி 96.8இன் கதை வேறு. பண்பலையை அயனி மண்டலத்தால் வளைக்க முடியாது. அது துளைத்துக்கொண்டு போய்விடும்.

குரல் வந்துவிட்டால் மட்டும் போதுமா? பாடகர் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து ஓசை தேயும், பிறகு வீங்கி வரும். வரும் அலை ஒரே பாதையில் வருவதில்லை என்பதே காரணம். சற்று மேலே வளைந்த அலையும் சற்றுக் கீழே வளைந்த அலையும் ஏரியலில் சந்திக்கின்றன. 31 மீட்டர் அலையில் இரு பாதைகளுக்கும் பதினைந்தரை மீட்டர் வித்தியாசம் வந்தால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 300 கிலோமீட்டர் உயரத்தில் அலையாடும் மண்டலத்துக்குப் பதினைந்து மீட்டர் ஒரு பொருட்டா? அலை மெலிந்தவுடன் ரேடியோ தானாகவே பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். அதோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். பச்சைக் கண் அப்போது அகலத் திறக்கும், அலை வலுத்ததும் ஒடுங்கும். பாட்டைக் காதால் கேட்டுக்கொண்டே வானத்தின் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

நமக்குத் தொல்லையாக இருந்த இந்தத் தேய்வையே அளவுகோலாக்கியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன். 1924 டிசம்பரில், போர்ன்மவுத்திலிருந்து பிபிசி அனுப்பிய அலையின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் சொல்லி, ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து அது எத்தனை முறை தேய்ந்து வலுக்கிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து, அந்த அலையை எதிரொலித்த அடுக்கின் உயரம் கிடைத்தது: ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நம் சிற்றலையை வளைக்கும் 300 கிலோமீட்டர் அடுக்குக்குக் கீழே இருக்கும் வேறோர் அடுக்கு அது. 1947இல் அவருக்கு நோபல் பரிசு.

நம்மூருக்கென்று கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: இடி. ஒவ்வொரு மின்னலும் ஒரு வானொலி நிலையம் மாதிரிதான். ரேடியோவில் "சர்" என்று கிழியும். மத்திய அலையில் அது மிக மோசம் என்பதால், வெப்பமண்டல நாடுகளின் உள்நாட்டு ஒலிபரப்புக்கென்றே 60, 90, 120 மீட்டர்ப் பகுதிகளில் சிற்றலை ஒதுக்கப்பட்டது.

பெரியப்பாவின் ரேடியோ இப்போது என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு மாலையில் போட்டுப் பார்த்தேன். கைப்பேசி மின்னேற்றியின் கரகரப்பைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அதைப் பிடுங்கினேன், எல்இடி விளக்கையும் அணைத்தேன். இருட்டில் பச்சைக் கண் மெல்ல ஒடுங்கியது. எங்கிருந்தோ ஒரு சீனப் பெண்குரல், தேய்ந்து தேய்ந்து வந்துகொண்டிருந்தது.